புதுப் போனுக்கு மாறும் முன்: வாசகர் கேள்வி – பதில்

போன் மாற்றுவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேள்விகள் வெவ்வேறாக இருந்தாலும் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான். புதுப் போன் வந்ததும் கவனமெல்லாம் அதன்மேல் போய்விடுகிறது. உண்மையில் முக்கால்வாசி வேலை பழைய போனில்தான் இருக்கிறது. அது கையில் இருக்கும்வரை ஏறக்குறைய எதையும் மீட்டுவிடலாம்.

கேள்வி: போன் வாங்கிய கடையிலேயே எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் பேருடைய நம்பரைக் காணோம். பழைய போனில் எல்லாம் அப்படியே இருக்கிறது. எப்படிக் கொண்டுவருவது? – வாசகி, மன்னார்குடி

பதில்: நீங்கள் சேமிக்கும் நம்பர் சிம் கார்டு, போனின் சொந்த நினைவகம், கூகுள் கணக்கு ஆகிய மூன்றில் ஏதாவது ஓர் இடத்துக்குப் போகும். புதுப் போனில் கூகுள் கணக்கைப் போட்டதும் தானாக வந்து சேர்வது மூன்றாவது மட்டும். கடையில் அதோடு நிறுத்தியிருப்பார்கள். 'போன்' என்ற இடத்தில் சேமித்தவை பழைய போனிலேயே தங்கிவிட்டன.

பழைய போனில் கூகுளின் 'காண்டாக்ட்ஸ்' செயலியைத் திறங்கள். இல்லாவிட்டால் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். கீழே உள்ள 'ஆர்கனைஸ்' பகுதியில் 'எக்ஸ்போர்ட் டு ஃபைல்' இருக்கும். அதை அழுத்தினால் விசிஎஃப் வகையில் ஒரு சிறிய கோப்பு கிடைக்கும். அதை புளூடூத் வழியாகவோ உங்களுக்கே ஒரு மெயிலாகவோ அனுப்பிக்கொண்டு புதுப் போனில் திறங்கள். எங்கே சேமிக்க வேண்டும் என்று கேட்கும்போது கூகுள் கணக்கைக் காட்டுங்கள். அவசரத்தில் மறுபடியும் 'போன்' என்று கொடுத்துவிட்டால், அடுத்த முறை போன் மாற்றும்போது இதே சிக்கல் வரும். ஒரே பெயர் இரண்டு மூன்று முறை வந்திருந்தால் அதே பகுதியில் உள்ள 'மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்' அவற்றை ஒன்றாக்கிவிடும்.

சிம்மில் சேமிக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பெரும்பாலான சிம்களில் 250 நம்பர்தான் பிடிக்கும். பெயர் நீளமாக இருந்தால் வால் வெட்டுப்படும். தமிழ் எழுத்து சிம்மில் அதிக இடம் பிடிப்பதால், தமிழில் எழுதிய பெயர் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும்.

கேள்வி: இரண்டும் ஆண்ட்ராய்டு போன்கள். எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் செய்ய வேண்டும்? – வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் பழைய போனிலும் அதன் செயலிகளிலும் வந்திருக்கும் அப்டேட்களை முடியுங்கள். தேவையில்லாத வீடியோக்களை அழியுங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு உண்மையிலேயே நினைவிருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் ஒரு முறை நுழைந்து பாருங்கள். பாதி வழியில் மாட்டிக்கொள்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

இரண்டு போனிலும் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். புதுப் போனை முதல் முறை ஆன் செய்யும்போதே பழைய போனிலிருந்து காப்பி எடுக்கட்டுமா என்று கேட்கும். 'பிறகு' என்று தாண்டிப் போகாதீர்கள். சில போன்களில் அந்தப் படியைத் தவறவிட்டால் முழு நகலெடுப்புக்குப் புதுப் போனை ரீசெட் செய்து முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். வைஃபையில் செய்வதைவிட இரண்டு போனையும் சி டைப் கேபிளால் இணைத்துச் செய்வது நம்பகமானது, நடுவில் அறுந்துபோகாது. கேபிள் மாட்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருக்கலாம். டேட்டா போகும் கேபிளை மாட்டிப் பாருங்கள்.

கூகுள் வழி முடிந்த பிறகு, போன் கம்பெனியின் சொந்தச் செயலியையும் ஒரு முறை ஓட விடுங்கள். சாம்சங்குக்கு ஸ்மார்ட் ஸ்விட்ச், சியோமிக்கு மி மூவர், விவோவுக்கு ஈஸிஷேர், ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் மூன்றுக்கும் குளோன் போன். புதுப் போன் எந்தக் கம்பெனியோ அந்தச் செயலியை இரண்டிலும் போட வேண்டும். கூகுள் தொடாமல் விடுகிற ரெக்கார்டிங், டவுன்லோடு ஃபோல்டர் போன்றவை இதில் வந்துவிடும். ஆனால் கம்பெனியின் சொந்த நோட்ஸ் செயலியில் எழுதிய குறிப்புகள் வேறு கம்பெனி போனுக்கு வராது. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, மருந்துப் பெயர்கள் எல்லாம் பலருக்கு அங்கேதான் இருக்கின்றன. அவற்றைத் தனியாக மெயிலில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

சிம்மை மாற்றுவது, வாட்ஸ்அப், பணச் செயலிகள் என்று அதற்குப் பிறகு போகலாம். பழைய போனை ரீசெட் செய்வது எல்லாவற்றுக்கும் கடைசி. குறைந்தது இரண்டு வாரம் அதை அப்படியே வைத்திருங்கள்.

கேள்வி: புதுப் போனில் வாட்ஸ்அப் பேக்கப்பை மீட்டபோது ஆறு மாதத்துக்கு முந்தைய பேச்சுகள் வரைதான் வந்தன. அதற்குப் பிறகு எதுவுமே இல்லை. தினமும் பேக்கப் ஆகும்படிதான் வைத்திருந்தேன். – வாசகி, சேலம்

பதில்: தினமும் என்று அமைத்திருந்தாலும் பேக்கப் ஆகாமல் நின்றிருக்கும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் உங்கள் கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும். ஜிமெயில், கூகுள் போட்டோஸ், வாட்ஸ்அப் மூன்றும் அதே இடத்தைப் பங்குபோடுகின்றன. அது நிரம்பியதும் பேக்கப் நின்றுவிடும். அதற்கான அறிவிப்பு வந்திருக்கும், நாம்தான் தள்ளிவிட்டிருப்போம்.

பழைய போன் இன்னும் ரீசெட் ஆகவில்லை என்றால் கவலை வேண்டாம். அதில் வாட்ஸ்அப்பைத் திறந்து, உங்கள் நம்பருக்கு வரும் ஆறு இலக்க எண்ணைப் போட்டு மறுபடி உள்ளே போங்கள். செயலியை மட்டும் நீக்கிவிடாதீர்கள். பழைய பேச்சுகள் அங்கேயே இருக்கும். பிறகு செட்டிங்ஸ், சாட்ஸ் வழியாகப் போனால் 'டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்' கிடைக்கும். புதுப் போனில் வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி போட்டு, அதே நம்பரைக் கொடுத்து, பழைய போனிலிருந்து மாற்றும் வழியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கியூஆர் கோடு தெரியும். அதைப் பழைய போனால் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டிலும் வைஃபையும் லொகேஷனும் ஆனில் இருக்க வேண்டும். இந்த வழியில் பேச்சுகள் நேராகப் போனிலிருந்து போனுக்குப் போவதால் 15 ஜிபி கணக்கே குறுக்கிடாது.

ஓர் இழப்பு உண்டு. இடையில் புதுப் போனில் வந்த பேச்சுகள் இதோடு சேராது, அழிந்துவிடும். முக்கியமானவை இருந்தால், அந்தப் பேச்சைத் திறந்து 'எக்ஸ்போர்ட் சாட்' மூலம் உங்களுக்கே மெயிலில் அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

பேக்கப்புக்குப் பாஸ்வேர்டு போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. 'எண்ட் டு எண்ட்' பேக்கப்பை ஆன் செய்து, பாஸ்வேர்டையோ 64 எழுத்துச் சாவியையோ தொலைத்துவிட்டால் அந்த பேக்கப்பை வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. பழைய போன் திறந்த நிலையில் இருக்கும்போதே அந்தப் பாஸ்வேர்டை மாற்றி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். புதுப் போனில் ஜிபே போட்டால் 'எஸ்எம்எஸ் அனுப்ப முடியவில்லை' என்று நின்றுவிடுகிறது. பழைய போனில் நன்றாக ஓடுகிறது. கடை கியூஆர் அட்டையையும் மாற்ற வேண்டுமா? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: அட்டையை மாற்ற வேண்டாம். அது உங்கள் யுபிஐ முகவரியோடு சேர்ந்தது, போனோடு அல்ல. நீங்கள் போனோடு மல்லுக்கட்டும் நேரத்திலும் வாடிக்கையாளர் போடும் பணம் வங்கிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

எஸ்எம்எஸ் விஷயத்துக்கு வருவோம். ஓடிபி நமக்கு வருவது. யுபிஐ செயலியோ நம் போனிலிருந்து ஓர் எஸ்எம்எஸ்ஸை வெளியே அனுப்பும். அது எந்த நம்பரிலிருந்து வந்து சேர்கிறது என்று பார்த்துத்தான், வங்கியில் பதிவான சிம் இந்தப் போனுக்குள் இருப்பதாக ஒப்புக்கொள்கிறார்கள். ஆகவே முதலில் ரீசார்ஜைப் பாருங்கள். வேலிடிட்டி முடிந்த சிம்மில் எஸ்எம்எஸ் உள்ளே வந்தாலும் வெளியே போகாது. சில மலிவான திட்டங்களில் எஸ்எம்எஸ்ஸே கிடையாது. அப்படியானால் டாப்-அப் போட்டு மெயின் பேலன்ஸ் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போன் என்றால் வங்கி நம்பர் உள்ள சிம்மைத்தான் செயலியில் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கான இயல்பு சிம்மாகவும் அதையே வையுங்கள். செயலிக்கு எஸ்எம்எஸ், போன் இரண்டுக்கும் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். இத்தனையும் சரி என்றால் வேறு யாருக்காவது சாதாரணமாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். அதுவும் போகவில்லை என்றால் கோளாறு சிம்மிலோ சிக்னலிலோ இருக்கிறது, ஜிபேயில் இல்லை.

போனோடு சேர்த்துச் சிம்மையும் மாற்றினீர்களா? தொலைந்த சிம்முக்குப் பதிலாக அதே நம்பரில் வேறு சிம் வாங்கினால், மோசடியைத் தடுப்பதற்காக முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகாமலும் வராமலும் நிறுத்தி வைக்கிறார்கள். இது தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு. புதுச் சிம்மும் புதுப் போனும் ஒரே நாளில் வேண்டாம். சரக்குக்குப் பணம் போட வேண்டிய நாளாக இருந்தால் இன்னும் வேண்டாம்.

பதிவு முடிந்த பிறகும், போன் மாற்றிய முதல் 24 மணி நேரத்தில் மொத்தம் 5,000 ரூபாய்தான் அனுப்ப முடியும். ஐபோனுக்கு மாறினால் இதையே 72 மணி நேரமாக வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு. மொத்த வியாபாரிக்குப் பெரிய தொகை போட வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டுப் போனை மாற்றுங்கள். யுபிஐ பின் மாறாது, பழையதே செல்லும். தேவையில்லாமல் 'ஃபர்காட் பின்' பக்கம் போகாதீர்கள்.

பழைய போனில் யுபிஐ லைட் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பின் போடாமல் சின்னத் தொகை அனுப்பும் வசதி அது. அதில் ஏற்றிய பணம் அந்தப் போனோடு கட்டுண்டது, புதுப் போனில் தெரியாது. போனை அழிக்கும் முன் யுபிஐ லைட்டை மூடினால் மீதிப் பணம் வங்கிக் கணக்குக்குத் திரும்பிவிடும். மறந்து ரீசெட் செய்தவர்கள் நூறு, இருநூறுக்காக வங்கிக்கு அலைய வேண்டியிருக்கும்.

கடைசியாக, உதவி எண்ணை கூகுளில் தேடாதீர்கள். போலி எண்கள் அங்கே ஏராளம். திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொல்லி யார் பேசினாலும் இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: என் பழைய போனை அப்படியே அம்மாவுக்குக் கொடுத்தேன். அவர் எடுக்கும் படங்களெல்லாம் என் போனில் வருகின்றன. போன வாரம் 'இடம் இல்லை' என்று அவர் நிறைய அழித்திருக்கிறார். என்னுடைய குழந்தைப் படங்களும் போய்விட்டன! – வாசகி, தூத்துக்குடி

பதில்: இப்போதே கூகுள் போட்டோஸைத் திறந்து 'பின்' என்ற குப்பைத் தொட்டியைப் பாருங்கள். பேக்கப் ஆன படங்கள் அழித்ததிலிருந்து 60 நாள் அங்கே இருக்கும், பேக்கப் ஆகாதவை 30 நாள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'ரீஸ்டோர்' கொடுங்கள். ஒரு வாரம்தான் ஆகிறது என்பதால், தொட்டியை யாரும் காலி செய்யாதவரை கிடைத்துவிடும்.

இரண்டு போனிலும் உங்கள் கூகுள் கணக்கே இருப்பதுதான் காரணம். போட்டோஸில் ஓரிடத்தில் அழித்தால் அது கணக்கிலிருந்தே போகும், ஆகவே எல்லாப் போனிலும் போகும். அம்மாமேல் தப்பே இல்லை. அவர் பெயரில் தனிக் கணக்கு தொடங்குங்கள். அவர் எடுத்த படங்களும் இப்போது உங்கள் கணக்கில்தான் இருக்கின்றன, அவற்றைப் பகிர்ந்து அவர் கணக்கில் சேமித்துக் கொடுங்கள். அவருடைய வாட்ஸ்அப்பையும் பேக்கப் எடுத்துவிட்டு, அந்தப் போனை முழுதாக ரீசெட் செய்து புதுக் கணக்கோடு கொடுங்கள். உங்கள் வங்கிச் செயலிகளும் மெயிலும் அவர் கையில் இருப்பதும் அப்போதுதான் நிற்கும்.

கேள்வி: ஆன்லைனில் எக்ஸ்சேஞ்சில் புதுப் போன் போட்டிருக்கிறேன். கொண்டுவருபவர் அப்போதே பழையதை வாங்கிக்கொள்வாராம். எப்போது மாற்றுவது? – வாசகர், ஆவடி

பதில்: இரண்டு போனும் ஒரே நேரத்தில் கையில் இருக்காது என்பதுதான் இந்த முறையின் பெரிய குறை. கிடைக்கும் எக்ஸ்சேஞ்ச் தொகை சிறியது என்றால் பழையதை வீட்டில் வைத்துக்கொள்வதே மேல். தொகை பெரிது என்றால், கடையில் நேரில் மாற்றினால் இரண்டையும் பக்கத்தில் வைத்து நிதானமாகச் செய்ய முடியும்.

ஆர்டர் போட்டாகிவிட்டது என்பதால், முதல் நாள் மாலையே நம்பர்கள், படங்கள், ஆவணங்கள் எல்லாம் கூகுளிலோ கம்ப்யூட்டரிலோ ஏறிவிட்டனவா என்று பாருங்கள். போட்டோஸில் கேமரா படங்கள் மட்டும்தான் தானாக ஏறும். வாட்ஸ்அப் படங்களின் ஃபோல்டரை நீங்கள்தான் தனியாக ஆன் செய்ய வேண்டும். அலுவலக மெயிலுக்கு ஆறு இலக்க எண் காட்டும் ஆத்தெண்டிகேட்டர் இருந்தால், அது கூகுள் கணக்கோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராவிட்டால் எண்கள் போனோடு போய்விடும், நீங்கள் வெளியே நிற்பீர்கள். யுபிஐ லைட்டை மூடுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பை டெலிவரி நாளன்று காலை கடைசியாக ஒரு முறை எடுங்கள். அந்த பேக்கப்பில் அன்றைய தேதியும் நேரமும் தெரிந்த பிறகுதான் ரீசெட். டெலிவரிக்கு ஓடிபி கேட்பார்கள், ஆகவே சிம்மை வேறொரு போனில் போட்டு வைத்திருங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோன் வாங்கி இரண்டு நாளாகப் பயன்படுத்துகிறேன். கூகுள் டிரைவில் உள்ள வாட்ஸ்அப் பேக்கப்பை ஐபோனில் எப்படி எடுப்பது? – வாசகர், நாகர்கோவில்

பதில்: எடுக்க முடியாது. ஐபோனின் வாட்ஸ்அப் ஐகிளவுடைத்தான் பார்க்கும். வழி 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலி. அது புதிதாக ஆன் செய்யும் ஐபோனில்தான் வேலை செய்யும் என்பதால் ஐபோனை அழித்து முதலிலிருந்து வர வேண்டும். இரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது, துணிந்து செய்யலாம். பழைய போனில் செயலியைப் போட்டு, ஐபோன் காட்டும் எண்ணைக் கொடுத்து, பட்டியலில் வாட்ஸ்அப்பையும் தேர்ந்தெடுங்கள். இரண்டும் சார்ஜரில் இருக்கட்டும். முடியும்வரை பழைய போனில் வேறு எதையும் திறக்காதீர்கள். நம்பர் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் அழைப்புகளின் பட்டியல் வராது.

தமிழ் தட்டச்சுக்கு ஐபோனிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் இருக்கின்றன. தனிச் செயலி தேவையில்லை.

கேள்வி: கீழே விழுந்து டச் வேலை செய்யவில்லை. திரை தெரிகிறது. கம்ப்யூட்டரில் மாட்டினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. உள்ளே இருப்பதை எடுக்க முடியுமா? – வாசகி, ஓசூர்

பதில்: முடியும். ஆண்ட்ராய்டு போன் பூட்டைத் திறக்காதவரை கம்ப்யூட்டருக்கு எதையும் காட்டாது. திறந்த பிறகும் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று திரையில் தொட்டால்தான் வழிவிடும். உங்களுக்குத் தொட வழியில்லை, அதனால்தான் சார்ஜோடு நிற்கிறது. சாதாரண யுஎஸ்பி மவுஸும், அதைப் போனில் மாட்ட ஒரு ஓடிஜி அடாப்டரும் வாங்குங்கள். உங்கள் போனின் துளை சி டைப்பா, மைக்ரோவா என்று பார்த்து வாங்க வேண்டும். மாட்டியதும் திரையில் அம்புக்குறி வரும். அதை வைத்தே பூட்டைத் திறந்து, மேலே சொன்ன பேக்கப் வேலைகளையெல்லாம் வைஃபையில் செய்யலாம். சில போன்களில் ஓடிஜியை செட்டிங்ஸில் ஆன் செய்ய வேண்டும். அப்படிப்பட்ட போனாக இருந்தால் இந்த வழி அடைபடும்.

அப்போது டிஸ்பிளே மாற்றுவதுதான் வழி. டிஸ்பிளே மாற்றினால் டேட்டா போகாது. நினைவகம் மதர்போர்டில் இருக்கிறது, போர்டை மாற்றினால்தான் போகும். சர்வீஸ் சென்டரில் போனைக் கொடுக்கும்போது 'அழிக்கக் கூடாது' என்று சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: புதுப் போனை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்கிறார்களே? – வாசகர், விழுப்புரம்

பதில்: வேண்டாம். அது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்து அறிவுரை. இப்போதைய லித்தியம் பேட்டரிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பெட்டியில் சார்ஜர் இல்லாமல் வரும் போன்கள் அதிகம். பழைய சார்ஜரை மாட்டலாம், ஆபத்தில்லை, வேகம்தான் குறையலாம்.

கேள்வி: பழைய போனை வெளியில் விற்கப்போகிறேன். ரீசெட் செய்தால் போதுமா? படங்களை யாராவது மீட்டுவிடுவார்களா? – வாசகி, காஞ்சிபுரம்

பதில்: ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு வந்த போன் என்றால் ரீசெட் போதும். உள்ளே இருப்பவை எல்லாம் ஏற்கெனவே பூட்டுச் சாவி போட்டுத்தான் எழுதப்பட்டிருக்கும். ரீசெட் அந்தச் சாவியை அழித்துவிடுவதால் மிச்சம் இருப்பது யாருக்கும் புரியாத குப்பை. மெமரி கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடையாது. அதைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், விற்கவே விற்காதீர்கள். இ-சிம் இருந்தால் புதுப் போனுக்கு மாற்றிவிட்டு அழியுங்கள்.

ரீசெட்டுக்கு முன் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள், திரைப் பூட்டையும் எடுங்கள். இதைச் செய்யாமல் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், ஆன் ஆகும்போது உங்கள் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். வாங்கியவர் உங்களைத்தான் தேடி வருவார். ஐபோன் என்றால் 'ஃபைண்ட் மை'யை அணைத்து ஐகிளவுடிலிருந்து வெளியேறுங்கள்.

*#06# அழுத்தினால் ஐஎம்இஐ என்ற போனின் 15 இலக்க அடையாள எண் தெரியும். இரண்டு சிம் போனில் இரண்டு எண் இருக்கும். வாங்குபவரிடம் அந்த எண்களும் தேதியும் போட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். பிறகு அந்தப் போன் எங்காவது தவறாகப் பயன்பட்டால், அன்றே கைமாறியதற்கு அதுதான் சான்று. நீங்களே செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால், ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தும் ஓர் இடைவெளியும் விட்டு அந்த 15 இலக்கத்தை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். போனின் கம்பெனியும் மாடலும் பதிலாக வரும். கையில் இருப்பதும் பதிலில் வந்ததும் வேறாக இருந்தாலோ, தடை செய்யப்பட்டது என்று வந்தாலோ காசு கொடுக்காதீர்கள்.